பிளாஸ்டிக் கயாக்கின் அடியில் விழுந்த ஓட்டைக்கு எந்தப் பசை?

பழைய கயாக் (துடுப்புப் போட்டு ஓட்டும் சிறு படகு) ஒன்றை வாங்கி முட்டுக்காடு உப்பங்கழியில் ஓட்டி வருவதாகவும், அதன் பின்முனையின் அடியில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டையும் அதிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு ஒரு விரிசலும் விழுந்திருப்பதாகவும், மீன்பிடிப் படகுகளுக்கு ஃபைபர் வேலை செய்பவர் ரெசினும் (இறுகிக் கெட்டியாகும் பிசின்) கண்ணாடி இழை மேட்டும் (விரிப்பு) வைத்து இரண்டு முறை ஒட்டிக்கொடுத்தது இரண்டு முறையும் பாளமாகப் பெயர்ந்து வந்துவிட்டதாகவும் எழுதி, இதைவிட வலுவான பசை எது என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி பசையைப் பற்றியதாக இருந்தாலும், இந்தப் பிளாஸ்டிக்கில் ஏன் எதுவும் பிடிக்கவில்லை, எப்படி அடைத்தால் அந்தப் படகை நம்பி மறுபடியும் தண்ணீரில் இறக்கலாம் என்ற இரண்டுக்கும் விடை தெரிந்தால்தான் உங்கள் சிக்கல் தீரும் என்று எனக்குப் படுகிறது. தண்ணீர்த் தொட்டி வார்க்கும் ஆலையில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, இப்போது கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய படகுக் குழாம்கள் சிலவற்றுக்குக் கயாக் பழுதுபார்த்துக் கொடுப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில், அந்த ஃபைபர் வேலைக்காரரைக் குறை சொல்ல வேண்டாம். அவர் அன்றாடம் பழுதுபார்க்கும் படகு, பாலியெஸ்டர் ரெசினும் கண்ணாடி இழையும் சேர்த்துச் செய்தது. அதன் மேல் அதே ரெசினைப் பூசினால், சுரண்டிய பரப்பின் மேடுபள்ளங்களுக்குள் இறங்கிக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. உங்கள் கயாக் அநேகமாகப் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்தது. ஒரு பசை எதிலும் ஒட்ட வேண்டுமானால் முதலில் அந்தப் பரப்பில் பரவி அதை நனைக்க வேண்டும். பாலிஎத்திலீனின் பரப்பு ஆற்றல், அதாவது பசையைத் தன் மேல் இழுத்துப் பரவவிடும் திறன், சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 31 டைன்தான் (டைன் என்பது விசையின் ஒரு சிறு அலகு). எப்பாக்ஸி போன்ற பசைகளின் பரப்பு இழுவிசையோ 40 டைனுக்கு மேல். ஆகவே பசை அதில் பரவாமல் தன்னுள்ளேயே குவிந்துகொள்ளப் பார்க்கிறது. அரால்டைட், எம்-சீல், ஃபெவிக்விக் எல்லாவற்றுக்கும் இங்கே இதே கதிதான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் சொரசொரப்பில் கொஞ்சம் கொக்கி போட்டு நிற்கும், அவ்வளவே. அதற்கு மேல் கயாக்கின் அடி நெகிழ்ந்து கொடுக்கும் பொருள், இறுகிய ரெசின் நெகிழாத பொருள். நீங்கள் ஏறி உட்காரும்போதும் கரையில் இழுக்கும்போதும் அடி வளைய, ரெசின் வளைய மறுக்க, ஓரத்தில் தொடங்கி முழுத் துண்டும் கிளம்பிவிடுகிறது. மூன்றாவது முறை இன்னும் தடிமனாக ஒட்டினால் இன்னும் சீக்கிரம் கிளம்பும்.

அது பாலிஎத்திலீன்தானா என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, வீட்டிலேயே பார்த்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாத ஓர் ஓரத்தில், உட்காரும் குழியின் விளிம்புக்கு அடியில் என்று வைத்துக்கொள்ளுங்கள், கூர்மையான கத்தியால் ஒரு சீவல் எடுங்கள். அதைத் தண்ணீரில் போட்டு, காற்றுக்குமிழி ஒட்டியிராதபடி விரலால் அமுக்கிவிட்டுப் பாருங்கள். பாலிஎத்திலீன் தண்ணீரைவிட இலேசானது, மிதக்கும். சற்று விலை கூடிய கயாக்குகளில் சில, ஏபிஎஸ் என்ற வேறொரு பிளாஸ்டிக்கின் தகட்டைச் சூடாக்கி வடித்தவை. அந்தச் சீவல் மூழ்கும். சீவலை இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டினால் பாலிஎத்திலீன் மெழுகுவர்த்தி அணைந்த வாசத்தோடு சொட்டுச் சொட்டாக உருகி எரியும், ஏபிஎஸ் கரும்புகை கக்கும். ஏபிஎஸ் என்று தெரிந்தால் கவலையே இல்லை, அதற்குப் பசை உண்டு: அசிட்டோனில் ஏபிஎஸ் துண்டுகளைக் கரைத்த கூழும், மெத்தக்ரிலேட் வகைப் பசையும் அதில் நன்றாகப் பிடிக்கும். இனி நான் எழுதுவது பாலிஎத்திலீனுக்கு மட்டும்.

அந்தச் சீவல் இன்னொன்றையும் சொல்லிவிடும். உயிருள்ள பிளாஸ்டிக் கத்தியோடு நீளமாகச் சுருண்டு வரும். வெயிலில் ஆண்டுக்கணக்கில் கிடந்து செத்துப்போன பிளாஸ்டிக் தூளும் துணுக்குமாக உதிரும்; மேலே வெளிறி, கையால் தடவினால் மாவு போல ஒட்டும். மேல்தோல் மட்டும் அப்படி இருந்து, அதைச் சுரண்டியபின் உள்ளே சுருள் வந்தால் வேலையைத் தொடங்கலாம். உள்ளே வரை உதிர்ந்தால், நீங்கள் எவ்வளவு ஒழுங்காக அடைத்தாலும் அடைப்புக்குப் பக்கத்திலேயே அடுத்த விரிசல் விடும். அதற்குச் செலவு செய்யாமல் விட்டுவிடுவது நல்லது.

கடைசிச் சோதனை சூடு. சால்டரிங் அயர்னின் முனையை மறைவான இடத்தில் வைத்து எடுங்கள். பிளாஸ்டிக் உருகி, முனையோடு நூலாக இழுபட்டு வந்தால் அது உருக்கி ஒட்டக்கூடிய வகை. உருகாமல் ரப்பர் போல இளகி, மேலும் சுட்டால் கருகினால் அது மூலக்கூறுகள் குறுக்கே பிணைக்கப்பட்ட பாலிஎத்திலீன். பழைய படகுகள் சிலவற்றில் இந்த வகை உண்டு; அடி படுவதைத் தாங்குவதில் அது சிறந்தது, ஆனால் ஒரு முறை வார்த்துவிட்டால் மறுபடி உருகாது என்பதால் வெல்டிங்குக்கு ஆகாது. ஓட்டையின் வெட்டுவாயையும் கூர்ந்து பாருங்கள். இரண்டு கெட்டித் தோல்களுக்கு நடுவே நுரை போன்ற ஓர் அடுக்கு தெரிந்தால் அது மூன்றடுக்குப் படகு. நடு அடுக்கு சூட்டில் அமுங்கிவிடும் என்பதால், வெளித்தோலை மட்டும் இலேசாக உருக்கி அடைக்க வேண்டியிருக்கும்.

ஒற்றை அடுக்கு, உருகும் வகை என்று தெரிந்துவிட்டால் உங்கள் வேலை எளிது. ஏனென்றால் அதற்கான கைத்திறன் நம் ஊரிலேயே இருக்கிறது. மொட்டை மாடியில் நிற்கும் சின்டெக்ஸ் வகைத் தொட்டியும் உங்கள் கயாக்கும் ஒரே முறையில் பிறந்தவை. பாலிஎத்திலீன் தூளை வெற்று அச்சுக்குள் போட்டு மூடி, உலைக்குள் நெடுக்கிலும் குறுக்கிலுமாக இரண்டு திசைகளில் மெதுவாகச் சுழற்றினால் தூள் உருகி உட்சுவரெங்கும் படிந்து, ஆறியதும் இணைப்பே இல்லாத ஒரே ஓடாக வெளியே வரும். பல தொட்டிகளுக்கும் பல கயாக்குகளுக்கும் மூலப்பொருளும் ஒரே இனம்தான். ஆகவே தொட்டி விரிசலுக்கு வீடு தேடி வந்து பிளாஸ்டிக் வெல்டிங் செய்து கொடுப்பவர், ஃபைபர் படகுக்காரரைவிட உங்கள் கயாக்குக்குப் பொருத்தமானவர். ஒரு வேறுபாட்டை மட்டும் அவரிடம் சொல்லிவிடுங்கள்: தொட்டி அசையாமல் நிற்கும், கயாக் வளையும், தரையில் உராயும். தொட்டிக்குப் போதுமான மேற்பூச்சு வெல்டிங் இங்கே போதாது. சுவரின் முழுத் தடிமனுக்கும் உருக வேண்டும்.

நீங்களே செய்வதானால், பாதி வேலைக்கு மேல் சுத்தம் செய்வதில் இருக்கிறது. பழைய ரெசின், எம்-சீல் எதுவும் ஒரு துளிகூட மிஞ்சக் கூடாது. உருகும் பிளாஸ்டிக்கில் அவை கலந்தால் அந்த இடம் பிடிக்காது. படகை நல்ல தண்ணீரில் கழுவி உப்பைப் போக்கி, உள்ளேயும் வெளியேயும் முழுக்க உலர விடுங்கள். உட்புறத்தில் ஈரம் இருந்தால், சூடு பட்டதும் ஆவியாகி உருகிய பிளாஸ்டிக்கைத் துளைத்துக்கொண்டு ஊசித்துளை விடும். அதே காரணத்துக்காக வடிகால் மூடியையும் பெட்டி மூடியையும் திறந்து வையுங்கள்: மேலே உட்கார்ந்து ஓட்டும் வகைக் கயாக் முழுக்க மூடிய கூடு என்பதால், உள்ளே சூடேறும் காற்று வெளியேற வழி தேடி, இளகிய இடத்தைத்தான் பிதுக்கும். ஓட்டை வழியே டார்ச் அடித்து உள்ளே மிதவைக்காக வைத்த தெர்மாகோல் கட்டைகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். அது எளிதில் தீப்பிடிக்கும். அகற்ற முடியாவிட்டால் சூட்டுக்காற்று வேலையை அங்கே தொடங்க வேண்டாம்.

விரிசலின் இரு நுனிகளையும் கண்டுபிடிப்பதுதான் அடுத்தது, பலரும் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியும் நுனியைத் தாண்டியும் மயிரிழையாக விரிசல் ஓடியிருக்கும். அந்த இடத்தை இலேசாக வளைத்துப் பார்த்தால் அது வாய் திறக்கும். உண்மையான நுனியில் 4 மி.மீ. அளவு துளை ஒன்றை டிரில்லால் போடுங்கள். கூர்மையான நுனியில் குவியும் இழுவிசை வட்டத்தின் ஓரம் முழுவதும் பங்கிடப்படுவதால் விரிசல் அங்கேயே நின்றுவிடும். இதைச் செய்யாமல் மேலே எதை வைத்து அடைத்தாலும் அடியில் விரிசல் ஓடிக்கொண்டேதான் இருக்கும். பிறகு விரிசல் நெடுக சுவர்த் தடிமனில் முக்கால் பங்கு ஆழத்துக்கு வி வடிவக் குழி வெட்டி, இரு பக்கமும் இரண்டு விரற்கடை அகலத்துக்கு மேல்தோலைச் சுரண்டி எடுத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடையுங்கள். துடைத்தபின் கை படக் கூடாது.

வெல்டிங்குக்கு முனை பொருத்திய ஹாட் ஏர் கன் (சூட்டுக்காற்று ஊதும் கருவி) நல்லது. பாலிஎத்திலீன் 120 முதல் 130 டிகிரி செல்சியஸில் உருகிவிடும் என்றாலும், காற்று வழியே சூடு போய்ச் சேர வேண்டும் என்பதால் முனையில் 270 முதல் 300 டிகிரி வரை வைப்பது வழக்கம். குழியையும் நிரப்பும் பிளாஸ்டிக் ராடையும் ஒரே நேரத்தில் சூடாக்க வேண்டும். ராடு மட்டும் உருகிக் குழியில் விழுந்தால் அது வெறும் மேற்படிவு. ஆறியதும் நகத்தால் கிளப்பி எடுத்துவிடலாம். எப்போது அழுத்துவது என்பதைப் படகின் பரப்பே காட்டும்: மங்கலாக இருந்தது மெல்ல மெல்ல நிறம் ஆழமாகி, திடீரென்று பளபளப்பு ஏறும். அந்தக் கணத்தில் ராடைச் செங்குத்தாக ஊன்றி அழுத்திக்கொண்டே நகர வேண்டும். ராடின் இருபுறமும் சிறு வரப்பு போல உருகிய பிளாஸ்டிக் பிதுங்கி வந்தால் இரண்டும் கலந்துவிட்டன என்று பொருள். புகை வந்தாலோ பழுப்பேறினாலோ சூடு மிஞ்சிவிட்டது. அந்த இடத்தைச் சுரண்டி எறிந்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். ஹாட் ஏர் கன் இல்லையென்றால் தட்டை முனையுள்ள 60 வாட் சால்டரிங் அயர்னாலும் செய்யலாம், நேரம்தான் பிடிக்கும். ஜன்னல் திறந்த இடத்தில், கையுறையோடு செய்யுங்கள். உருகிய பாலிஎத்திலீன் தோலில் ஒட்டிக்கொண்டு சுடும், உதறினால் போகாது.

கட்டைவிரல் ஓட்டையை ராடு உருக்கி நிரப்பப் பார்க்காதீர்கள். பாலிஎத்திலீன் ஆறும்போது நன்றாகவே சுருங்கும், பெரிய உருண்டை நடுவில் குழிந்து ஓரத்தை இழுத்துக்கொண்டு போகும். ஓட்டையின் ஓரத்தை வட்டமாக அறுத்துச் சீராக்கி, அதே தடிமனுள்ள பிளாஸ்டிக்கில் அதே அளவு வில்லை ஒன்று வெட்டி, சுற்று நெடுக வி குழி வைத்து, நான்கு இடங்களில் முதலில் பொட்டு வைத்து நிறுத்திவிட்டுப் பிறகு சுற்றிலும் வெல்டு செய்ய வேண்டும். உங்கள் ஓட்டை உராய்வு அதிகமுள்ள பின்முனையில் இருப்பதால், வெல்டின் மேல் துருப்பிடிக்காத எஃகு வலை ஒரு துண்டு பதிப்பதையும் சேர்த்துக்கொள்வேன். தேநீர் வடிகட்டிகளில் இருக்கும் நெருக்கமான வலை போதும். வலையின் மேல் அயர்னை வைத்து அழுத்தினால், கண்ணிகளின் வழியே பிளாஸ்டிக் மேலே எழுந்து வலையை விழுங்கும். அதன் மேல் இன்னொரு மெல்லிய படலம் உருக்கிப் பூசி, கம்பி முனை ஒன்றும் வெளியே தெரியாதபடி மூடிவிடுங்கள். சாதாரண இரும்பு வலை உப்பங்கழியில் துருவேறி வெல்டைக் கிளப்பும்.

வில்லைக்கும் ராடுக்கும் பிளாஸ்டிக் எங்கே கிடைக்கும்? உங்கள் படகிலிருந்தே எடுப்பதுதான் முதல் தரம். உள்ளே கை விட வழி செய்ய மேல்தளத்தில் ஒரு வட்ட மூடி பொருத்துவதாக இருந்தால், அறுத்தெடுத்த வட்டத் தகடு கையில் மிஞ்சும். உங்கள் வேலைக்கு அது தாராளம். அடுத்து, உடைந்துபோன ஒற்றை அடுக்குத் தண்ணீர்த் தொட்டியின் துண்டு. கறுப்பாக இருக்கிறதே என்று தயங்க வேண்டாம், அந்தக் கரிக்கறுப்பு வெயிலைத் தாங்க உதவும். வெளிநாட்டு வீடியோக்களில் பால் கேனை வெட்டி உருக்குவார்கள். அதைப் பார்த்து நம் ஊர் எண்ணெய் கேனை வெட்டுகிறவர்களும் உண்டு. ஊதி வார்க்கும் கேன்களுக்கான பாலிஎத்திலீன் உருகினாலும் எளிதில் ஓடாத, கெட்டியான வகை. சில நேரம் பிடித்திருக்கிறது, சில நேரம் பிடிக்கவில்லை. நான் அதை நம்புவதில்லை. எதை எடுத்தாலும் முதலில் ஒரு கீற்றை மறைவான இடத்தில் வெல்டு செய்து, ஒரு நாள் ஆற விட்டு, குறட்டால் பிடித்து இழுத்துப் பாருங்கள். கீற்றே நீண்டு அறுந்தால் அந்தப் பொருள் பொருந்தும். ஒட்டிய இடத்தில் சுத்தமாகப் பிரிந்து வந்தால் பொருந்தாது.

ஆற வைப்பதற்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள், நிழலில் தானாக ஆறட்டும். அவசரமாகக் குளிர வைத்தால் சுருக்கம் ஒரு பக்கமாக இழுத்து, உள்ளே இழுவிசை தங்கிவிடும். மறுநாள் சோதிக்கலாம். படகை இரண்டு மரக்கட்டைகளின் மேல் வைத்து, சில வாளித் தண்ணீர் மட்டும் உள்ளே ஊற்றி, பின்பக்கம் சாய்த்து, வெளியே காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள். முழுக்க நிரப்பினால் அந்த எடையே படகைக் கெடுக்கும். சோப்பு நுரை பூசி உள்ளே காற்றடித்துக் குமிழி பார்ப்பதும் நல்ல முறைதான், ஆனால் வாயால் ஊதும் அளவுக் காற்று போதும். பஞ்சர் கடைக் கம்ப்ரெஸரைக் காட்டினால் ஓடு உப்பிவிடும்.

இதுவரை சொன்னவற்றில் எனக்குச் சந்தேகம் இல்லை. பசை பற்றிய உங்கள் கேள்விக்கு நேரான விடை இருக்கிறது, ஆனால் அதில் அவ்வளவு உறுதி சொல்ல மாட்டேன். பாலிஎத்திலீனின் பரப்பை நீலச் சுடரால் தடவி எடுத்தால், மேல்படலம் ஆக்சிஜனேற்றம் அடைந்து பசை பிடிக்கும் பரப்பாக மாறுகிறது. கேஸ் டார்ச்சின் சுடர்நுனி பரப்பைத் தொட்டும் தொடாமலும், விநாடிக்கு ஓர் அடி வேகத்தில், எங்கும் உருகாமல் ஓட வேண்டும். தண்ணீர் தெளித்தால் முன்பு முத்து முத்தாக நின்றது இப்போது படலமாகப் பரவினால் மாற்றம் நடந்திருக்கிறது. உலர்த்திவிட்டு அரை மணி நேரத்துக்குள், இறுகியபின்னும் வளைந்து கொடுக்கும் வகை எப்பாக்ஸியைப் பூச வேண்டும். வெல்டுக்கு ஆகாத குறுக்குப்பிணைப்பு வகைப் படகுகளுக்கு நான் கைக்கொள்வது இந்த வழியைத்தான். மேல்தளத்தில் நன்றாக நிற்கிறது. அடியில், தரையில் உராயும் இடத்தில் எத்தனை காலம் நிற்கும் என்பது சுடர் காட்டிய கையின் சீர்மையையும் படகை எப்படி இழுக்கிறார்கள் என்பதையும் பொறுத்து வெகுவாக மாறுகிறது. வெல்டு செய்ய முடிகிற படகுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

வேலை முடியும்வரை எப்போதாவது இறக்கியே ஆக வேண்டுமென்றால், கூரை ஒழுக்குக்கு ஒட்டுகிற, அலுமினியத் தாள் முதுகுள்ள பியூட்டைல் டேப் போதும். அது இறுகாமல் எப்போதும் பிசுபிசுப்பாகவே இருப்பதால், உலர்ந்த சுத்தமான பாலிஎத்திலீனில் அழுத்தினால் பிடித்துக்கொள்கிறது. படகில் எடுத்துச் செல்லும் பையில் ஒரு சுருள் எப்போதும் இருக்கட்டும். ஆனால் வெல்டு செய்யும் முன் அதன் பிசினை முழுவதும் எடுக்க வேண்டியிருக்கும் என்பதால் விரிசலின் மேல் அளவாக ஒட்டுங்கள்.

நீங்கள் அனுப்பிய படத்தை வைத்து நான் சொல்ல முடியாதது ஒன்று உண்டு. ஓட்டை விழுந்த இடத்தைப் பார்த்தால், ஒரே அடியில் உடைந்ததுபோல் இல்லை. முன்முனையைத் தூக்கிப் பிடித்துப் பின்முனையைச் சிமெண்ட் தரையிலும் சிப்பி ஒட்டிய கல்லிலும் இழுத்து இழுத்துத் தேய்ந்த இடம்போல் தெரிகிறது. அப்படியானால் ஓட்டையைச் சுற்றியும் சுவர் மெலிந்திருக்கும், 5 மி.மீ. இருக்க வேண்டியது 2 மி.மீ. இருக்கலாம். எவ்வளவு தூரம் மெலிந்திருக்கிறது என்பதை நேரில் கட்டைவிரலால் அழுத்தித்தான் பார்க்க வேண்டும். அமுங்கும் பகுதி முழுவதையும் அறுத்தெடுத்துவிட்டு, கெட்டியான சுவர் தொடங்கும் இடத்தில் வில்லையைப் பொருத்துங்கள். மெலிந்த சுவரில் வெல்டு செய்தால் சூட்டில் அது தொய்ந்து இன்னொரு ஓட்டையாகிவிடும். அமுங்கும் பகுதி உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தால் முதல் முயற்சியாக நீங்களே செய்ய வேண்டாம், தொட்டி வெல்டிங் செய்பவரிடம் கொடுங்கள்.

அடைத்தபின் முதல் சில முறை, நின்றால் தலைக்கு மேல் தண்ணீர் போகாத இடத்தில், உயிர்காப்பு ஜாக்கெட்டோடு ஓட்டுங்கள். முடிந்தால் கூட்டுக்குள் காற்றடைத்த மிதவைப் பைகளை நுழைத்துவிடுங்கள். மூடிய கூடு உள்ள கயாக்கில் கசிவு கண்ணுக்குத் தெரியாது. படகு மந்தமாகி, திரும்பும்போது உள்ளே தண்ணீர் ஒரு பக்கமாகச் சரிந்து கவிழ்க்கப் பார்க்கும்போதுதான் தெரியவரும். ஒவ்வொரு முறையும் கரையேறியதும் வடிகால் மூடியைத் திறந்து வடிவதை அளந்து பாருங்கள். ஒரு குவளைத் தண்ணீர் மூடிகளின் ஓரம் வழியே வந்திருக்கலாம், அதற்காகப் பதற வேண்டாம். அடுத்தடுத்த முறை அளவு கூடிக்கொண்டே போனால், வெல்டின் ஓரத்தையும், நீங்கள் துளையிட்டு நிறுத்திய விரிசல் நுனிகளையும் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்.